நெல்லும் படகும்: நம் வீடுகளில் கேட்ட பழமொழிகள்

(பொன்விழா விருந்தில் பழமொழித் தொகுப்புக் குழுவின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



 

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். நம் சங்கத்துக்கு இப்போது ஐம்பது வயது. மலர்க் குழுக் கூட்டத்தில் யாரோ இதைச் சொல்லிச் சிரிக்க, "அப்படியானால் பழமொழிக்கென்று நாலு பக்கம் ஒதுக்கலாமே" என்று இன்னொருவர் சொல்ல, அந்த வேலை எங்கள் நால்வர் தலையில் விழுந்தது. விளம்பரங்களுக்கு நடுவே காலியாக இருக்கும் இடத்தை நிரப்பத்தான் எங்களை அனுப்புகிறார்கள் என்று முதலில் நினைத்தோம். உண்மையும் அதுதான். ஆனால் வீடு வீடாகப் போன பிறகு, நாலு பக்கம் போதாது என்று ஆயிற்று.

முதலில் ஒரு தவறு செய்தோம். கையில் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "நன்னி, உங்களுக்குத் தெரிந்த பழமொழி சொல்லுங்கள்" என்று கேட்டோம். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "எனக்கென்ன தெரியும் வாப்பா, நான் படிக்காதவள்." நோட்டை மூடி வைத்துவிட்டுத் தேநீரைக் குடித்துக்கொண்டு மருமகளைப் பற்றியும் செம்பனை விலையைப் பற்றியும் பேச ஆரம்பித்தால், அரை மணி நேரத்தில் பத்துப் பழமொழி தானாக வந்து விழும். கேட்டால் வராது, பேச்சில்தான் வரும். தோட்டத்தில் பால்வெட்டிய கை, கத்தி பிடிக்கும் விதத்தை வாயால் சொல்லத் திணறும், மரத்தைக் கண்டால் தானே வேலை செய்யும் அல்லவா, அதுபோலத்தான் இதுவும்.

இந்த வேலையை நமக்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் செய்திருக்கிறார்கள். பெர்சிவல் பாதிரியார் 1874-ல் சென்னையில் வெளியிட்ட பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் உள்ளன. டென்மார்க் நாட்டுப் பாதிரியாரான ஜென்சன் 1897-ல் மூவாயிரத்து அறுநூறுக்கு மேல் தொகுத்து, பொருள்வாரியாகப் பிரித்துக் கொடுத்தார். மலாய்ப் பழமொழிகளை மேக்ஸ்வெல் என்ற அதிகாரி, சிங்கப்பூரில் 1878-ல் வெளிவந்த ஆசியக் கழகக் கிளையின் முதல் இதழிலேயே எழுதத் தொடங்கினார். இவர்கள் எல்லாரும் நம் மக்களோடு பழகுவதற்கும், மதம் பரப்புவதற்கும், ஆட்சி நடத்துவதற்கும் நம் வாய்மொழியைப் படித்தார்கள். நோக்கம் எதுவாக இருந்தாலும், அவர்கள் எழுதி வைக்காவிட்டால் பல சொற்கள் போயே போயிருக்கும். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

நம்மவர் ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். முன்ஷி அப்துல்லாஹ் மலாக்காவில் பிறந்தவர். பள்ளிப் பாடத்தில் எல்லாப் பிள்ளைகளும் அவர் பெயரைப் படிக்கிறார்கள். அவருடைய முன்னோர்களில் அரபு வழியும் உண்டு, நாகூர் வழித் தமிழும் உண்டு. சிறு வயதில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றவர். மலாக்கா வணிகர்களின் கணக்கெல்லாம் அப்போது தமிழில் ஓடியது. 1849-ல் சிங்கப்பூரில் அச்சான அவருடைய வாழ்க்கை வரலாற்றில், பேச்சுக்குப் பேச்சு பழமொழி வரும். தமிழும் அரபும் மலாயும் ஒரே நாக்கில் புழங்கிய மனிதர் அவர். நம் வீட்டு நன்னிமார்களும் அப்படித்தான். என்ன, அவர்கள் புத்தகம் எழுதவில்லை.

இங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை சொல்லுகிறோம். மதரஸாவில் உஸ்தாத் சொல்லிக் கொடுக்கும் அரபுப் பழமொழி ஒன்று: "அல்இல்மு ஃபிஸ்ஸிகர், கன்னக்ஷி அலல் ஹஜர்." சிறு வயதில் கற்ற கல்வி, கல்லில் செதுக்கியதைப் போன்றது என்று பொருள். நம் தமிழில் என்ன? "இளமையில் கல்வி சிலையில் எழுத்து." அதே கல், அதே எழுத்து! யாரிடமிருந்து யார் வாங்கினார்கள் என்று நாங்கள் ஆராயப் போகவில்லை. கல்லும் உளியும் உள்ள எந்த ஊரிலும் இது தோன்றும். ஆனால் மலாய்க்காரர் கல்லைத் தேடவில்லை, வீட்டுப் பின்னால் இருக்கும் மூங்கிலைப் பார்த்தார். "மெலெந்துர் பூலோ பியார்லா டாரி ரெபோங்ஞா" என்றார். மூங்கிலை வளைப்பதென்றால் குருத்திலேயே வளை. இதுதான் நம் "ஐந்தில் வளையாதது". நாம் வயதைச் சொன்னோம், அவர் மரத்தைச் சொன்னார்.

சங்கச் சந்தாவைப் பற்றி ஒன்று. மாதம் ஒரு வெள்ளி சந்தாவில் தொடங்கியது இந்தச் சங்கம். "சிறு துளி பெரு வெள்ளம்" என்பது அந்தக் காலத்துப் பொருளாளரின் மந்திரம். மலாயில் "செடிக்கிட்-செடிக்கிட் லாமா-லாமா ஜாடி புக்கிட்": கொஞ்சம் கொஞ்சமாக, நாளாவட்டத்தில் குன்றாகும். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் சுவாஹிலி பேசுகிறவர்கள் "ஹபா நா ஹபா ஹுஜாசா கிபாபா" என்கிறார்கள். கிபாபா என்பது தானியம் அளக்கும் படி. சிறுகச் சிறுகப் போட்டால் படி நிரம்பும். நமக்கு வெள்ளம், மலாய்க்காரருக்குக் குன்று, அவர்களுக்கு ஒரு படி தானியம். எங்களுக்கு என்னவோ அந்தப் படிதான் நேர்மையாகப் படுகிறது. நம் சந்தா பெருவெள்ளமாக ஆனதாகச் சங்கக் கணக்கில் எங்கும் இல்லை. படி நிரம்பியது, பிள்ளைகளுக்குப் பள்ளிப் புத்தகம் வாங்கினோம், மறுபடி படி காலியானது.

கடைக்காரக் குடும்பங்களுக்கு வருவோம். இங்கே பாதிப் பேர் அப்படித்தானே. "கடன் அன்பை முறிக்கும்" என்று எழுதித் தொங்கவிடாத தோட்டத்து மளிகைக் கடை கிடையாது. அந்த அட்டைக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, 555 கணக்குப் புத்தகத்தில் கடன் எழுதாத கடைக்காரரும் கிடையாது. சம்பள நாள் வரை தோட்டத்துக் குடும்பம் சாப்பிட்டது அந்தச் சின்னப் புத்தகத்தை வைத்துத்தான். புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு வீட்டில் பழைய 555 புத்தகங்களை ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறார்கள். வசூலாகாத கணக்குகள். "ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டோம். "அத்தா மௌத்தாவதற்கு முன்னால் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார். ஆனால் யாரை மன்னித்தார் என்று எங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார் அந்த வீட்டு அக்கா. சுவரில் இருந்த பழமொழி ஒன்று, நடந்தது வேறொன்று. நடந்ததுதான் நல்லதாக இருந்திருக்கிறது.

பத்தாங் பெர்ஜூந்தை என்று நம்மில் பலர் இன்னும் சொல்லும் பெஸ்தாரி ஜெயாவுக்குப் போனபோது, தென்னமரம் தோட்டத்து வழியாகப் போனோம். பெயர் தென்னமரம், ஆனால் நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்டது அங்கேதான், 1917-ல். நட்டவர் ஹென்றி ஃபொகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். அவர் நம் வட்டாரத் தோட்ட வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்கு 1930-ல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. அந்த நாவல் முழுவதும் மலாய்ப் பந்துன்களை இடையிடையே வைத்திருக்கிறார். தோட்டத்தில் தமிழர்களும் இருந்தார்கள், நாவலிலும் இருக்கிறார்கள். ஆனால் லயத்து வாசலில் நம் மக்கள் சொன்ன பழமொழிகளைக் கேட்டு எழுதிவைக்க ஒரு ஃபொகொன்னியே வரவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதற்காகச் சொல்லுகிறோம். இப்போது பல இடங்களில் லயங்களும் இல்லை. பல தோட்டங்கள் விற்கப்பட்டு, வீடமைப்புப் பகுதியாகி, மக்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். பிரட்டுக் களத்தில் விடியற்காலையில் கேட்ட பேச்சு இனி அடுக்குமாடி வீட்டில் கேட்குமா?

அண்டை வீட்டாரைப் பற்றி எல்லா மொழியும் பேசுகிறது. அரபில் "அல்ஜார் கப்லத் தார்": வீட்டைப் பார்ப்பதற்கு முன் அண்டை வீட்டுக்காரரைப் பார். சீனர்கள் "தூரத்து உறவைவிடப் பக்கத்து வீடு மேல்" என்பார்கள். இதைச் செகிஞ்சானில் எங்களுக்குச் சொன்னவர் சீனர் அல்ல, நம் உறுப்பினர்தான். அவருடைய அத்தாவுக்கு நடு இரவில் நெஞ்சு வலி வந்தபோது, பக்கத்துக் கடைத் தவ்கே மீன் லாரியில் படுக்கவைத்துக் கிள்ளான் வரை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். அத்தா பிழைத்து, அதன் பிறகு பதினோரு ஆண்டு இருந்தார். ஹரி ராயாவுக்கு முதல் தட்டு அந்தத் தவ்கே வீட்டுக்குத்தான் இன்றைக்கும் போகிறது.

இனிக் கொஞ்சம் கசப்பான விஷயம். எல்லாப் பழமொழியும் நல்ல பழமொழி அல்ல. பழைய தொகுப்புகளைப் புரட்டினால், பெண்களை இழிவாகப் பேசுவதும், சாதியைச் சொல்லித் திட்டுவதும், நம் சமுதாயத்தையே கேலி செய்வதும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். அவற்றை இந்த மலரில் சேர்க்கவில்லை. "பழமொழி பொய்யாகுமா?" என்று ஒரு பெரியவர் எங்களோடு சண்டைக்கு வந்தார். ஆகும். பொய்யாகும். விதவையின் முகத்தில் விழிக்கக் கூடாது என்று சொன்ன வாய், எந்தக் காலத்து வாயாக இருந்தாலும் பொய் சொன்ன வாய்தான்.

ஒன்றை மட்டும் வேண்டுமென்றே இங்கே சொல்லுகிறோம். மலாயில் "செப்பர்தி கெலிங் காராம்" என்று ஒரு வழக்கு உண்டு. கப்பல் மூழ்கும்போது கெலிங் போடும் கூச்சலைப் போல, காது கொள்ளாத இரைச்சல் என்று பொருள். எங்களில் ஒருவருடைய மகள் பள்ளியிலிருந்து வந்து, வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போட்டபோது இதைச் சொல்லக் கேட்டதாகச் சொன்னாள். "அத்தா, கெலிங் என்றால் நாமா?" என்று கேட்டாள். அத்தாவுக்கு உடனே பதில் வரவில்லை.

சொன்னவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார். நாமும்தான் மற்றவர்களைப் பற்றி எத்தனை சொல்லியிருக்கிறோம். ஆனால் அந்தப் பழமொழியை ஒரு நிமிடம் கண் முன்னால் நிறுத்திப் பாருங்கள். மூழ்குகிற கப்பலில் இருப்பவன் கத்தாமல் என்ன செய்வான்? கரையில் நின்று கேட்டவனுக்கு அது இரைச்சல். கப்பலில் இருந்தவனுக்கு அது பிள்ளையின் பெயர். 1926-ல் கட்டிய ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறி, மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்து, பினாங்கில் நின்று, போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாம். அந்தத் துறைமுகத்துக்கு 1972-ல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. மாறும் வரையிலும் அந்தப் பழைய பெயரை நம் நன்னாமார்கள் வாயில் நுழையாமல் நாலு விதமாகச் சொன்னார்கள். "கப்பல்" என்ற நம் சொல்லையே மலாய்மொழி "காப்பால்" என்று வைத்துக்கொண்டிருக்கிறது. "கடை" அங்கே "கெடாய்", "பெட்டி" "பெத்தி", "கட்டில்" "காத்தில்", "முதல்" "மோடால்". சொல்லை வாங்கிக்கொண்ட அன்பும் அந்தக் கரையில்தான் இருந்தது, கேலியும் அந்தக் கரையில்தான் இருந்தது.

தமிழில் கப்பலுக்கு என்ன பழமொழி தெரியுமா? "கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே." அந்த மகளுக்கு அவளுடைய அத்தா மறுநாள் சொன்ன பதில் இதுதான். கன்னத்தில் கைவைத்து உட்காராதவன் கத்தத்தான் செய்வான், அம்மா. கத்தினால்தான் பக்கத்துப் படகு வரும். அவள் அதை வகுப்பில் போய் மலாயில் சொல்லியிருக்கிறாள். ஆசிரியை, மலாய்ப் பெண்மணி, அதைக் கரும்பலகையில் எழுதச் சொன்னாராம்.

கடைசியாக, நாங்கள் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த ஒன்று. தலைவரிடம் அனுமதி கேட்டோம். அந்தக் குடும்பத்தாரிடமும் கேட்டோம். அவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்றார்கள்.

சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து ஒரு ரொட்டி பாய் நமக்காகச் சந்தா வசூலித்தார். மிதிவண்டியின் பின்னால் ரொட்டிப் பெட்டி, முன்னால் தொங்கும் பையில் ரசீதுப் புத்தகம். விடியற்காலையில் தோட்டத்துக்குள் போவார். நம்மவர் வீடு எந்த லயத்தில் இருக்கிறது, யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள், யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். சங்கத்தில் அவருக்குப் பதவி எதுவும் இல்லை. கேட்டதும் இல்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கும், ஆண்டுக் கூட்டம் ஒன்றில் சில ரசீதுகளின் கணக்கு ஒத்து வரவில்லை. பெரிய தொகை ஒன்றும் இல்லை. அவர் எழுந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். எந்தத் தோட்டத்துக்கு எந்த வாரம் போனார், மழையில் எந்தப் பாலம் உடைந்தது என்று நீட்டிக்கொண்டே போனார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர், "நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை" என்றார். கூட்டம் சிரித்தது. எங்கள் நால்வரில் மூவர் அன்று அங்கே இருந்தோம். மூவரும் சிரித்தோம்.

நம் சமுதாயத்தில் ஒரு மனிதனை அந்தச் சொல்லால் சொன்னால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். சொன்னவரும் வேடிக்கையாகத்தான் சொன்னார். அவரும் இப்போது மர்ஹூம். அல்லாஹ் இருவருக்கும் ரஹ்மத் செய்வானாக. ரொட்டி பாய் பேச்சை நிறுத்தினார். பையிலிருந்து ரசீதுப் புத்தகங்களை எடுத்து மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். சலாம் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு சங்க வாசலை அவர் மிதிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தணிக்கையில் பார்த்தபோது கணக்கு சரியாக இருந்தது. எழுத்தர் ஒரு பக்கத்தை இருமுறை கூட்டியிருந்தார். அதைப் போய் அவரிடம் சொல்ல வேண்டும் என்று எல்லாரும் நினைத்தோம். யாரும் போகவில்லை. ஜனாஸாவுக்குத்தான் போனோம்.

"நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது." தஞ்சோங் காராங் வயல் வரப்பில் நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கோலசிலாங்கூர் ஆற்றங்கரை மலாய்க்காரர் இதையே படகை வைத்துச் சொன்னார்: "தெர்லாஜாக் பெராஹு போலே டியுண்டூர், தெர்லாஜாக் காத்தா பூருக் பாடாஹ்ஞா." படகு எல்லை தாண்டினால் பின்னே வலிக்கலாம், சொல் எல்லை தாண்டினால் கேடுதான். இந்த இரண்டையும் எங்களுக்குச் சேர்த்துச் சொன்னது அந்த ரொட்டி பாயின் மனைவி. பழமொழி சேகரிக்க வந்தோம் என்று அவர்கள் வீட்டுப் படியேறியபோது எங்கள் கால் கூசியது. அவர் எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். அந்த நாளைப் பற்றி நாங்களாகப் பேச்சை எடுத்து, மாப்புக் கேட்டோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு இந்த இரண்டையும் சொன்னார். "எழுதிக்கொள்ளுங்கள், வந்த வேலையைப் பாருங்கள்" என்றார். மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நாங்களும் திரும்பக் கேட்கவில்லை.

அந்த ரசீதுப் புத்தகங்கள் சங்க அலமாரியில் அப்படியே இருந்தன. இன்று வாசலுக்குப் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறோம். தோட்டத்துப் பெயர் வாரியாக இருக்கிறது. உங்கள் அத்தா, நன்னா பெயரை அவருடைய கையெழுத்தில் தேடிப் பார்க்கலாம். மெதுவாகப் புரட்டுங்கள், தாள் பழையது. கடைசிப் புத்தகத்தில் ஒரு ரசீதில் தோட்டத்தின் பெயரும் தேதியும் இருக்கின்றன, ஆள் பெயர் எழுதப்படவில்லை. அது யாருடையது என்று தெரிந்தவர்கள், பிரியாணிக்குப் போவதற்கு முன் எங்களிடம் சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம்.

வஸ்ஸலாம்.